மருத்துவமனை இன்று எங்கே?

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிப் போரின் நிலவரத்தை ஒரு தமிழ் நாளிதழுக்காக இரவுதோறும் எழுதினேன். பதவி சப் எடிட்டர். வீடு சிட்லப்பாக்கத்தில். சாயங்காலம் சானடோரியம் ஸ்டேஷனில் மின்ரயில் ஏறினால், நைட் டூட்டி முடித்து விடியற்காலை முதல் வண்டியில் திரும்புவேன். நாளிதழ்ப் பக்கத்தில் எனக்கு ஒதுக்கிய இடம் இரண்டு பத்தி அகலத்தில் ஒரு கட்டம். மேலே ‘போர் நிலவரம்’ என்று தலைப்பு, ஓரத்தில் கையகல வரைபடம். நான்கு முனைகளின் ஒருநாள் சேதியை அதற்குள் அடக்க வேண்டும். தென்மாவட்டங்களுக்குப் போகும் முதல் பதிப்புக்கு ஒரு வடிவம். நள்ளிரவு தாண்டி அச்சேறும் சென்னைப் பதிப்புக்குத் திருத்திய வடிவம்.

நான்கு முனை ஏன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். 1997 மே 13 அன்று இலங்கை ராணுவம் ‘ஜெயசிக்குறு’ என்ற பெயரில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி நோக்கி ஏ9 நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. முக்கிய அச்சு அந்த ஒரே சாலைதான். ஒன்றரை வருடத்துக்கு மேல் போராடி, 1998 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் விடுதலைப் புலிகள் ‘ஓயாத அலைகள் மூன்று’ தொடங்கியபோது, அத்தனை காலம் பாடுபட்டுப் பிடித்த இடங்களெல்லாம் சில நாட்களில் கைமாறின. 2000 ஏப்ரல் 22 அன்று ஆனையிறவும் விழுந்தது. அந்தத் தோல்வியிலிருந்து ராணுவம் ஒரு பாடம் படித்தது. சாலையை விட்டு விலகு, காட்டுக்குள் அகலமாகப் பரவு, எதிரியைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடி. 2008இல் நடந்தது அதுதான். மேற்கே மன்னாரிலிருந்து ஏ32 கடற்கரைச் சாலை வழியாக 58ஆவது டிவிஷன். வவுனியாவுக்கு மேற்கிலிருந்து மடு, துணுக்காய், மல்லாவி என்று 57ஆவது டிவிஷன். கிழக்கே மணலாற்றிலிருந்து முல்லைத்தீவு நோக்கி 59ஆவது டிவிஷன். வடக்கே முகமாலை, கிளாலி, நாகர்கோவில் கோட்டில் 53, 55 ஆகிய டிவிஷன்கள். இதற்குள்ளாகவே 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. கிழக்கு மாகாணம் 2007 ஜூலையில் குடும்பிமலையோடு முழுவதும் ராணுவத்திடம் போயிருந்தது. 2002 பிப்ரவரி 22இல் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தம் 2008 ஜனவரி 16உடன் காகிதத்தளவிலும் முடிந்தது.

என் மேசைக்குச் சேதி வந்த வழிகள் சில. கொழும்பிலிருந்து பாதுகாப்பு அமைச்சின் அறிக்கை தினமும் வரும். தேசியப் பாதுகாப்புக்கான ஊடக மையம், ராணுவப் பேச்சாளர் உதய நாணயக்கார சொன்னதாக ஏஜென்சிகள் அனுப்பும் வரிகள் வரும். மறுபக்கத்தில் புலிகளின் ராணுவப் பேச்சாளர் இளந்திரையன் சொன்னதாகப் புதினம், தமிழ்நெட் ஆகிய தளங்கள் வெளியிடுபவை. ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி, பிடிஐ காப்பிகள். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. அதைக் கேட்காமல் நான் முதல் பதிப்பை விட்டதில்லை. ஞாயிறுகளில் கொழும்பு சண்டே டைம்ஸில் இக்பால் அத்தாஸ் எழுதும் ராணுவப் பத்தி. தராகி என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டபின், இருபக்கத்துக் கணக்கையும் நிலவியலோடு சேர்த்து எழுதக்கூடிய தமிழர் வேறு ஒருவர்கூட இல்லாமல் போயிற்று. அவருடைய பழைய கட்டுரைகளை வெட்டி ஒரு கோப்பில் வைத்திருந்தேன். ஒரு முகாம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அங்கே நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்ட விதம்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

சுயேச்சையான நிருபர் ஒருவரும் முன்னரங்குக்குப் போக முடியாது. ராணுவம் கூட்டிப்போய்க் காட்டும் இடத்தைப் பார்க்கலாம், அவ்வளவே. 2008 செப்டம்பரில் ஐ.நா. நிறுவனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னது அரசு. அந்த மாத நடுவில் ஐ.நா.வின் கடைசி வண்டிகள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டன. மக்கள் சாலையை மறித்துப் போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். 2009 ஜனவரி 8 அன்று சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அன்றைக்கு எங்கள் நியூஸ் எடிட்டர் என்னைக் கூப்பிட்டு, இனி கொழும்பிலிருந்து எந்தக் காப்பி வந்தாலும் எழுதியவர் எந்தப் பயத்தில் எழுதியிருப்பார் என்பதையும் சேர்த்துப் படி என்றார்.

இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது, ஒரு அறிக்கையில் எதை எவ்வளவு நம்பலாம் என்பது. இடம் பிடித்ததாகச் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ஏனென்றால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ படம் வரும், பொய்யானால் மாட்டிக்கொள்வார்கள். எதிரியில் இத்தனை பேரைக் கொன்றோம் என்றால் நம்பக் கூடாது, எந்தப் பக்கம் சொன்னாலும். 2008 தொடக்கத்தில் புலிகளிடம் எஞ்சியிருப்பது சுமார் 3,000 பேர் என்று ராணுவத் தளபதி சரத் பொன்சேகா சொன்னார். அந்த ஆண்டு பாதி முடிவதற்குள் அரசு தினமும் அறிவித்த எண்களைக் கூட்டினால் கொல்லப்பட்டவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். போரோ அப்படியே நடந்துகொண்டிருந்தது. தன் பக்கத்து இழப்பைச் சொல்வதை அரசு 2008 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. எதைச் சொல்வதை நிறுத்துகிறார்களோ அங்கேதான் சேதி இருக்கிறது என்று அன்றே குறித்து வைத்தேன். போர் முடிந்தபின் 2009 மே மாதம் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச, 2006 ஆகஸ்ட் முதல் 6,261 படையினர் இறந்ததாகவும் 29,551 பேர் காயமடைந்ததாகவும் சொன்னார். இந்தக் கணக்கின் ஒரு பகுதி அந்த மௌன மாதங்களுக்குள் கிடந்தது.

புலிகள் தரப்பு அறிக்கைகளிலும் இப்படி ஒரு மௌனம் உண்டு. ஒரு ‘முறியடிப்புச் சமர்’ பற்றிய அறிக்கையில் எடுத்த ஆயுதங்களின் பட்டியல் விரிவாக இருக்கும். சமர் நடந்த இடம் முந்தைய வாரத்து இடத்தைவிட எத்தனை மைல் உள்ளே என்பது இருக்காது. நான் வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்ப்பேன். 2008 மே மாதம் அடம்பன், ஜூலை 16 விடத்தல்தீவு, ஆகஸ்ட் தொடக்கத்தில் இலுப்பைக்கடவை, செப்டம்பர் தொடக்கத்தில் மல்லாவி. முறியடிப்பு ஒவ்வொன்றும் முன்னைவிட வடக்கே நடந்தது.

இதை எழுதுவதுதான் கடினமாக இருந்தது. எங்கள் வாசகர்களில் பலர் 1999ஐ மனதில் வைத்திருந்தார்கள். இழுத்து உள்ளே விட்டுப் பிறகு அடிப்பார்கள் என்று டீக்கடையிலும் ரயில் பெட்டியிலும் சொன்னார்கள். குரோம்பேட்டையில் ஏறும் ஒரு பள்ளி ஆசிரியர் என்னைப் பார்த்ததும், “என்ன சார், அடுத்த அலை எப்போ?” என்பார். அவர் ஆசையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த ஆசையைக் கட்டத்துக்குள் வைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அந்த மாதங்களில் தமிழ்நாட்டின் பல இதழ்கள் வரப்போகும் பதிலடியைப் பற்றி வாரம் தவறாமல் எழுதின. அங்கே உள்ள மக்களைக் காப்பாற்ற இங்கே எவ்வளவு அவசரமாகக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது என்பதை அந்தக் கட்டுரைகள் மறைத்துவிட்டன. தோற்கிறார்கள் என்று சொல்ல மனம் வராததால், ஆபத்து எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதும் சொல்லப்படாமல் போனது. இது என் தொழில்மேல் எனக்குள்ள பெரிய குறை.

வரைபடம் போடும்போது ஊர்ப்பெயர்கள் பெரிய சிக்கல். ஏஜென்சி காப்பி ஆங்கிலத்தில் வரும்; அதைப் பார்த்துத் தமிழில் ஊகித்து எழுதினால் ஊரே மாறிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிழக்குக் கரையில் நாகர்கோவில் என்று ஒரு ஊர் உண்டு. ‘நாகர்கோவிலில் கடும் ஷெல் வீச்சு’ என்ற தலைப்போடு முதல் பதிப்பு குமரி மாவட்டத்துக்குப் போனால் என்ன ஆகும்? ‘யாழ். நாகர்கோவில்’ என்றே எப்போதும் போட வேண்டும் என்று ஒரு விதி செய்து மேசையில் ஒட்டினேன். முரசுமோட்டை, கொக்குத்தொடுவாய், ஒட்டுசுட்டான், அக்கராயன்குளம் எல்லாம் சரியாக வந்ததற்குக் காரணம் எங்கள் தெருவில் இருந்த ஒரு டீச்சர். பரந்தனுக்குக் கிழக்கே ஒரு பள்ளியில் நெடுங்காலம் படிப்பித்தவர். தொண்ணூறுகளில் படகில் வந்து, முகாமுக்கு வெளியே போலீஸ் பதிவோடு வாடகைக்குக் குடியிருந்தார். தென்சென்னைப் புறநகர்களில் அப்படிப் பல குடும்பங்கள் உண்டு. மாலையில் ஆபீஸுக்குக் கிளம்புமுன் அவர் வீட்டுத் திண்ணையில் அன்றைய ஊர்ப்பெயர்களை வாசிப்பேன். அவர் திருத்துவார். எந்த ஊருக்குப் பக்கத்தில் எந்தக் குளம், எந்தச் சந்தியிலிருந்து எந்தப் பாதை பிரிகிறது, மாரிகாலத்தில் எந்தப் பாலம் மூழ்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

முனைகளைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று எனக்கு உறைக்கும்படி சொன்னவரும் அவர்தான். 2008 முழுவதும் முகமாலையில் ராணுவம் பெரிதாக நகரவில்லை. அங்கே 2006 அக்டோபரிலும் 2008 ஏப்ரலிலும் முன்னேறப் பார்த்துப் பெரும் இழப்போடு திரும்பியிருந்தார்கள். வடமுனையில் புலிகள் பலமாக இருக்கிறார்கள் என்றுதான் எல்லாரும் எழுதினோம். நவம்பர் 15 அன்று பூநகரி ராணுவத்திடம் போனது. டிசம்பரில் 58ஆவது டிவிஷன் பரந்தனை நெருங்கியபோது டீச்சர் சொன்னார்: “தம்பி, பரந்தன் போனா முகமாலையில நிண்டு என்ன செய்யிறது? சாப்பாடும் சாமானும் ஆனையிறவால தானே போகவேணும்.” ஜனவரி 1 பரந்தன் போனது. ஜனவரி 2 கிளிநொச்சி. சில நாட்களுக்குள் முகமாலைக் கோடு பெரிய சண்டையில்லாமல் காலியாயிற்று. 9ஆம் தேதி ஆனையிறவு. தெற்கே ஒரு சந்தி விழுந்ததால் வடக்கே ஒரு கோட்டை காலியானது. அன்று முதல் என் கட்டத்தில் நான்கு தனித்தனிப் பத்திகளை நிறுத்திவிட்டு, எந்த முனையில் நடந்தது எந்த முனையை ஆட்டும் என்று ஒரே ஓட்டமாக எழுதத் தொடங்கினேன். நியூஸ் எடிட்டர் முதலில் ஒப்பவில்லை. சில நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008 நவம்பர் கடைசி வாரம் ‘நிஷா’ புயல். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் 27ஆம் தேதி காரைக்கால் பக்கம் கரையைக் கடந்தது. மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் முழங்கால் அளவு தண்ணீர். ரயில் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தால் அறிக்கையில், மழையால் படைநகர்வு தாமதம் என்று ஒரு வரி. இங்கே நனைந்துகொண்டு வந்தவனுக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அதே மழை, அதே ராத்திரி, தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் தறப்பாளுக்குக் கீழே பல்லாயிரம் குடும்பங்கள். ஷெல்லுக்குப் பயந்து அவர்கள் வெட்டிய பதுங்கு குழிகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் எங்கே போவார்கள்? அன்றைய கட்டத்தில் ராணுவ நகர்வை இரண்டு வரியாகக் குறைத்து, மீதி இடம் முழுவதையும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் வெள்ளத்துக்கும் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு முடிச்சூரிலிருந்து ஒரு வாசகர், வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே, ஆபீஸுக்குப் போன் செய்து அந்த மக்களுக்குத் துணி அனுப்ப வழி உண்டா என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் வேலையின் மையம் இடம் மாறியது. ராணுவ அறிக்கையில் இருக்கும் கிலோமீட்டரைவிட நம்பகமான ஒரு குறி எனக்குக் கிடைத்தது: மருத்துவமனையின் முகவரி. ஒரு மருத்துவமனை காரணமில்லாமல் நகராது. நோயாளிகளையும் கட்டில்களையும் மருந்துப் பெட்டிகளையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்றால் ஷெல் விழும் தூரத்துக்குள் அந்த இடம் வந்துவிட்டது என்று பொருள். முன்னரங்கு எங்கே என்பதில் இரண்டு தரப்பும் மாறுபடலாம். மருத்துவமனை எங்கே என்பதில் மாறுபட முடியாது. அதோடு, அந்த மருத்துவர்கள் இலங்கை அரசின் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள். சுகாதார அமைச்சுக்கு மருந்து கேட்டு அவர்கள் அனுப்பும் கடிதங்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஏஜென்சிகளுக்கும் தெரியவரும்.

கிளிநொச்சி விழுவதற்கு முன்பே அங்குள்ள பொது மருத்துவமனை தர்மபுரத்துக்குப் போயிருந்தது. ஜனவரியில் உடையார்கட்டு, வள்ளிபுனம். அந்த மாதம் 20ஆம் தேதி வாக்கில் அரசு அந்தப் பகுதியைத்தான் 35 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. மக்கள் அதற்குள் குவிந்தார்கள். ஷெல்லும் அங்கேயே விழுந்தது. பிறகு புதுக்குடியிருப்பு. அந்த மருத்துவமனைமீது நாள் தவறாமல் ஷெல் விழுந்ததைச் செஞ்சிலுவைச் சங்கமே வெளிப்படையாகச் சொன்னது. பிப்ரவரி 4 அன்று நோயாளிகளையும் கூட்டிக்கொண்டு புதுமாத்தளனுக்குப் போனார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். ஏப்ரல் 20க்குப் பிறகு முள்ளிவாய்க்கால். கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை ஏறத்தாழ தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் போகும் தூரம். அதற்குள் ஒரு மாவட்டத்து மருத்துவமனை ஐந்து மாதத்தில் எத்தனை முறை மூட்டை கட்டியது! மருத்துவர்கள் த. சத்தியமூர்த்தி, து. வரதராஜா, வி. சண்முகராஜா ஆகியோரின் பெயர்கள் அன்று எங்கள் மேசையில் எல்லாருக்கும் மனப்பாடம். மயக்க மருந்து இல்லை, ரத்தம் இல்லை, துணியை அவித்துக் கட்டுப்போட்டார்கள் என்ற சேதிகள் அவர்கள் வழியாகத்தான் வெளியே வந்தன.

அதனால் என் கட்டத்தின் முதல் வரியை மாற்றினேன். ‘58ஆவது டிவிஷன் முன்னேற்றம்’ என்று தொடங்கிவந்த கட்டம், ‘மருத்துவமனை இன்று புதுமாத்தளனில் இயங்குகிறது’ என்று தொடங்கியது. பிப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் காயம்பட்டவர்களைக் கடல்வழியே திருகோணமலைக்கு ஏற்றிப் போனது. எத்தனை பேர் ஏறினார்கள் என்பது அவர்களே எண்ணிச் சொல்லும் கணக்கு. அதை இரண்டாவது வரியாகப் போட்டேன். மூன்றாவதாகத்தான் எந்த டிவிஷன் எங்கே என்பது. பின்னாளில் காஸாவிலிருந்து அல்ஷிஃபா, நாசர் என்று மருத்துவமனைப் பெயர்களே போரின் செய்தியாக வந்தபோது, அந்த வரிசையை நான் ஏன் மாற்றினேன் என்று இளைய சப் எடிட்டர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதங்களில் வெளியே தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்தது. 2008 அக்டோபர் 14 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டம்; இரண்டு வாரத்தில் போர்நிறுத்தம் வராவிட்டால் எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்ற தீர்மானம். 24ஆம் தேதி கொட்டும் மழையில் சென்னையிலிருந்து செங்கல்பட்டுவரை மனிதச் சங்கிலி. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் பள்ளிப் பிள்ளைகளும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத் தொழிலாளர்களும் கைகோத்து நின்றார்கள். நானும் சானடோரியம் அருகே நின்றுவிட்டுத்தான் டூட்டிக்குப் போனேன். அதே வாரம் வைகோவும், சீமான், அமீர் ஆகியோரும் பேசிய பேச்சுக்காகக் கைதானார்கள். 1992 மே 14 முதல் புலிகள் இயக்கம் இங்கே தடை செய்யப்பட்டிருந்தது என்பதை மேசையில் யாரும் மறக்கவில்லை. யார் சொன்னது என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியமும் அச்சுக்குப் போகாது. 2009 ஜனவரி 29 காலை சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்தார். அவரும் எங்களைப் போலப் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்த பையன். அன்று மேசையில் யாருக்கும் கை ஓடவில்லை. கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டார்கள்.

அதற்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்குதான் பெரிய போராக இருந்தது. பிப்ரவரியில் அரசு, வன்னிக்குள் எஞ்சியிருப்பவர்கள் 70,000 பேர் என்றது. முல்லைத்தீவில் இருந்த அரசு அதிகாரிகளே 3,30,000 என்று எழுதினார்கள். இரண்டில் எதை அச்சிடுவது என்பது வெறும் எண் சம்பந்தப்பட்டது அல்ல. 70,000 என்றால் அனுப்பும் அரிசியும் மருந்தும் அந்த அளவுக்குத்தான் போகும்; மீதிப் பேர் பட்டினி. 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் இதையே சொன்னது. எங்கள் கட்டத்தில் இரண்டு எண்ணையும் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: அரசு அடுத்து அறிவித்த இரண்டாவது பாதுகாப்பு வலயத்தின் பரப்பு 14 சதுர கிலோமீட்டர், தாம்பரம் நகராட்சி அதைவிடப் பெரியது, அதன் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சம்கூட இல்லை. அதை வாசித்துவிட்டுச் சேலையூரிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் வந்த போன்களில் யாரும் எந்த டிவிஷன் எங்கே என்று கேட்கவில்லை. அவ்வளவு பேர் கழிப்பிடத்துக்கு எங்கே போவார்கள் என்று ஒரு பெண் கேட்டார். நான் எழுதிய அறிக்கைகளுக்கு வந்த கேள்விகளில் அதைவிடச் சரியான கேள்வி இல்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஆனந்தபுரத்தில் தீபன், விதுஷா, துர்க்கா உள்ளிட்ட புலிகளின் தளபதிகள் இறந்தபோது சண்டை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதைக் கட்டத்தில் சொன்னேன். கோபமான போன்கள் வந்தன. ஏப்ரல் 20 புதுமாத்தளன் மண் அணையை ராணுவம் உடைத்தது. சில நாட்களில் லட்சம் பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். அவர்களை வெளியேற விடாமல் புலிகள் சுட்டார்கள் என்ற சாட்சியங்களும் வந்தன. வலயத்துக்குள் ராணுவம் கனரக ஆயுதங்களால் அடித்தது என்ற சாட்சியங்களும் வந்தன. இரண்டையும் எழுத வேண்டும், எழுதினேன். 27ஆம் தேதி முதல்வர் கருணாநிதி அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் உட்கார்ந்து, கனரக ஆயுதங்கள் நிறுத்தப்படும் என்ற கொழும்பின் அறிவிப்போடு எழுந்தார். அன்றைய ஐ.நா. கணக்கில் வலயத்துக்குள் இன்னும் 1,27,177 பேர். அரசு சில ஆயிரம் என்றது. மே 2 முள்ளிவாய்க்கால் மருத்துவமனைமீது ஷெல். 12ஆம் தேதி மறுபடி. 13ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. பக்கம் முழுவதும் தேர்தல். கட்டம் ஒற்றைப் பத்தியாகச் சுருங்கியது. மருத்துவமனை இன்று எங்கே என்று தேடினேன். அந்த வாரத்தின் நடுவில் அதற்கு முகவரியே இல்லாமல் போனது. 18ஆம் தேதி போர் முடிந்தது என்று கொழும்பு அறிவித்தது. டீச்சர் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்று தெருவில் சொன்னார்கள். பரந்தன் பக்கத்துச் சொந்தங்கள் யார் யார் எந்த முகாமில் என்று தெரிய அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

ஜூலை 8ஆம் தேதி அந்த மருத்துவர்களைக் கொழும்பில் பத்திரிகையாளர் முன் உட்கார வைத்தார்கள். போரின்போது தாங்கள் சொன்ன எண்கள் மிகைப்படுத்தியவை என்று அவர்கள் சொன்னார்கள். அப்போது அவர்கள் காவலில் இருந்தார்கள். அந்தக் காப்பியை எடிட் செய்யும்போது, ‘காவலில் உள்ள’ என்ற சொற்களை முதல் வாக்கியத்திலேயே வைத்தேன், தலைப்பிலும் வைத்தேன். நான் எழுதியதில் எனக்கு நிறைவு தந்த தலைப்பு அதுதான்.

2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்ற சேதி வந்தது. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அந்தத் தளத்தின் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பது தெரியும். முதல்வர் ஜெயலலிதா எதிர்ப்புத் தெரிவித்தார். அவர்களைப் பெங்களூருக்குப் பக்கத்து எலகங்காவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் வேண்டாம் என்றார் ஜெயலலிதா. அப்போது நான் நைட் டூட்டியிலிருந்து விலகியிருந்தேன். இருந்தாலும் அந்தச் செய்திக்குத் துணைக்கட்டம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். விமானங்களின் வகையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த கணக்கை எழுதிக் கொடுத்தேன். 2008 அக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டச் செயலகங்களின் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. போர் முடிந்தபின் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று ஆயர் கேட்டார். எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவர் தானாக ஒரு எண்ணைச் சொல்லவில்லை. அரசின் பதிவேட்டை வைத்து அரசிடம் கேட்டார். ஐ.நா. நிபுணர் குழு 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்றது வேறு வழியில் போட்ட கணக்கு.

ஆயர் 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். பெயர் பெயராக, ஊர் ஊராக ஒரு பதிலை இதுவரை எந்த அரசும் வெளியிடவில்லை. 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்பாக, அதே ஏ9 சாலை ஓரத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டு உட்காரத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.